பெயர் கூப்பிடாத வகுப்பு

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக் கூடத்தில் வந்து நின்ற மதியம் இன்னும் கண்ணில் நிற்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், சரக்குக் கன்டெய்னர்களைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. முதல் வகுப்பில் சேர்ந்திருந்த மகளின் கையை இறுகப் பிடித்திருந்தாள். “ஏளா, இவ பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள்கூட வரலைன்னு சொல்லுதாங்க” என்றாள். குழந்தை சீருடையில் இருந்தது. விரல்களில் சாக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது. அப்போதுதான் அக்கா அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்திருந்தாள்.

மகளை அரசுப் பள்ளியில்தான் சேர்ப்பது என்பதில் அக்காவுக்குத் தடுமாற்றம் இருந்ததில்லை. எந்த அரசுப் பள்ளி என்பதுதான் கேள்வி. வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இரண்டு இருந்தன. தெற்கே இருந்த மாநகராட்சிப் பள்ளி மாடிக் கட்டடம்; ஒவ்வொரு வகுப்புக்கும் பிரிவுகள், கணினி அறை, நல்ல திடல். வடக்கே தருவைகுளம் போகும் சாலையில், மீனவர் குடியிருப்பை ஒட்டி நின்ற ஓட்டுக் கட்டடம் மற்றது. அங்கே ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியைகள். வெளியாரிடம் வாயே திறக்காத குழந்தை அவளுடையது. எந்த இடத்தில் அது பேசத் தொடங்கும் என்பதைத் தவிர வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை.

அக்கா அவசரப்படவில்லை. விடுப்பு எடுத்து இரண்டு பள்ளிகளிலும் போய் உட்கார்ந்து பார்த்தாள். பெரிய பள்ளியின் திடலும் சுவர் ஓவியங்களும் அவளுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தன. சின்னப் பள்ளியில், மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் நடந்துகொண்டிருந்தபோதே அதே அறையின் மூலையில் முதல் வகுப்புப் பிள்ளைகள் புளியங்கொட்டையை அடுக்கி எழுத்து அமைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு ஆசிரியை பயிற்சிக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று தலைமையாசிரியையிடம் நேராகவே கேட்டிருக்கிறாள். “அன்னைக்கு நான் ஒருத்திதாம்மா. பாதிப் பாடந்தான் நடக்கும். பொய் சொல்லி உங்க புள்ளையச் சேக்க எனக்கு இஷ்டமில்ல” என்றாராம் அவர். அந்த நேர்மை அக்காவை ஈர்த்தது. அதே நேரம் பயமுறுத்தவும் செய்தது.

முடிவு கடைசியில் குடும்பத்தின் முடிவாகிவிட்டது. எங்கள் சித்தப்பா நாசரேத் ஊரில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் பற்றிய பேச்சில் எங்கள் வீட்டில் அவருக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. “பத்துப் பதினஞ்சு புள்ளைங்க உக்காந்திருந்தா அதுக்குப் பேரு பள்ளிக்கூடமா? டியூஷன்” என்று சிரித்தார். குழந்தையின் கூச்சத்துக்கும் மருந்து வைத்திருந்தார்: “கூட்டத்துல போடு. வாய் தன்னால தொறக்கும்.” வளைகுடாவிலிருந்து தொலைபேசியில் அத்தானும் அதையே சொன்னார். பெரிய பள்ளியிலேயே சேர்க்க அக்கா ஒப்புக்கொண்டாள்.

நடந்தது இதுதான். முதல் நாள் காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போனபோது, குழந்தை முன்னால் நின்ற சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடனேயே போய்விட்டது. அந்தச் சிறுமி ‘ஆ’ பிரிவு. இவள் பெயர் இருந்தது ‘அ’ பிரிவில். ஒரு நடைக்கூடத்தின் இரண்டு பக்கமும் எதிரெதிரே இருந்த இரண்டு கதவுகள். ஒரு கதவுக்குள் தினமும் இவள் பெயரைக் கூப்பிட்டு, பதில் இல்லாததால் வரவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். மற்றக் கதவுக்குள் இவள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பெயர் பிறகு பதிவேட்டில் வந்து சேரும் என்று அந்த ஆசிரியை நினைத்துக்கொண்டார். புத்தகம் எங்கே என்று அக்கா கேட்டபோதெல்லாம் குழந்தை “இன்னும் தரல” என்றது. அரசு வேலை, தாமதமாகும் என்று அக்காவும் இருந்துவிட்டாள். வாரக்கணக்கில் இது நடந்திருக்கிறது. சேர்ந்த பிள்ளை ஏன் வரவே இல்லை என்று ‘அ’ பிரிவு ஆசிரியை தொலைபேசியில் விசாரித்த பிறகே, அக்கா பதறி ஓடி, வகுப்பு வகுப்பாகத் தேடி மகளைக் கண்டெடுத்தாள்.

என் வீட்டில் தண்ணீர் குடித்த பிறகு குழந்தை தானாகவே சொன்னது: “எல்லாரும் உள்ளேன் டீச்சர்னு சொல்லுதாங்க சித்தி. எம் பேர மட்டும் கூப்பிடல. அதான் சும்மா இருந்தேன்.”

என்னைக் கொதிக்க வைத்தது அந்தத் தவறு அல்ல. அத்தனை பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு திண்டாடும் ஆசிரியைகள்மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் இடத்தில் நானும் தவறியிருப்பேன். மறுநாள் நாங்கள் போய்க் கேட்டபோது அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை சொன்ன பதிலைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. “இவ்வளவு புள்ளைங்க இருக்க எடத்துல இதெல்லாம் சகஜம்மா. புள்ளையாவது வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்லா?” ஆறு வயதைத் தொடாத குழந்தை, தான் இருப்பதைத் தானே நிரூபித்திருக்க வேண்டும் என்று பொருள். வாய் திறக்கும் என்றுதானே அங்கே அனுப்பினோம்? அக்கா குரலை உயர்த்தவில்லை. “யார்டுல ஒரு பொட்டி எடம் மாறி நின்னா சாயங்காலத்துக்குள்ள எனக்கு போன் வந்துரும் டீச்சர். எங்க நிக்கி, யாரு மாத்துனா, எல்லாம் கேப்பாங்க. அது வெறும் கன்டெய்னர்” என்றாள். மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, குழந்தையைச் சின்னப் பள்ளியில் சேர்த்தோம். செய்தி கேட்ட சித்தப்பா, எங்கேயோ எப்போதோ நடப்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றார். நடந்தது அவர் பேத்திக்கு.

சின்னப் பள்ளியைச் சொர்க்கம் என்று நான் எழுதினால் அது பொய். திடல் இல்லை. கணக்கில் குழந்தை இன்றும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறாள். ஓர் ஆசிரியை வராத நாள்களில், முன்பே எச்சரித்தபடி, பாதிப் பாடந்தான். ஆனால் காய்ச்சலால் அவள் போகாத முதல் நாளே, மணி அடித்த கையோடு அக்காவுக்குத் தலைமையாசிரியையிடமிருந்து அழைப்பு வந்தது: “ஏம்மா, பாப்பா எங்க? எடம் காலியா இருக்கு.” அலுவலகத்தில் கப்பல் விவரங்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுததாக அக்கா சொன்னாள். அந்த ஆண்டுக் கடைசியில் குழந்தை வகுப்பில் பேசத் தொடங்கினாள். இப்போது ஐந்தாம் வகுப்பு. சின்ன வகுப்புப் பிள்ளைகளை அதட்டுவதை வெளிவாசலிலேயே கேட்கலாம்.

இப்போது அந்தப் பள்ளியைத்தான் பெரிய பள்ளியோடு சேர்க்கப்போகிறார்களாம். பெற்றோர் கூட்டத்தில் விளக்கம் சொல்ல வந்த அதிகாரி பண்பானவர். பிள்ளைகள் எண்ணிக்கை போதவில்லை என்பதை வருத்தத்தோடுதான் சொன்னார். கூரை ஓடுகளை மாற்றித் தரவில்லை, கழிப்பறைக்குக் கதவு போட்டுத் தரவில்லை, மூன்றாவது ஆசிரியரைக் கேட்டுக் கேட்டுத் தலைமையாசிரியைக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இத்தனையும் செய்யாமல் இருந்துவிட்டு, மக்கள் வரவில்லை என்று மக்களிடமே வந்து சொல்வதற்கு எத்தனை துணிவு வேண்டும்! சிறியதாக இருப்பது ஒரு நோய் என்றும், அதற்கு மூடுவதே மருந்து என்றும் இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கூட்டத்தில் அக்கா எழுந்து மகளுக்கு நடந்ததை முழுவதும் சொன்னாள். அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார். அடுத்த சேர்க்கையில் எண்ணிக்கை கூடினால் மேலே எழுதிப் பார்க்கலாம் என்றார்.

ஆக, பிள்ளைகள் குறைவு என்பதற்காகவே அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தவள், அதைக் காப்பாற்ற இப்போது பிள்ளை தேடித் தெருத்தெருவாக அலைகிறாள். இதைவிடக் கேவலமான நிலைக்கு ஒரு தாயைத் தள்ள முடியுமா என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவள் மகளோ அடுத்த ஆண்டு அங்கே இருக்கப்போவதில்லை. அதைச் சொன்னால், “அதுக்கு?” என்று மட்டும் கேட்கிறாள். போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன். கருவாடு காயப்போட்டிருந்த ஒரு வீட்டு வாசலில், இடுப்பில் மகனோடு நின்ற இளம்பெண் நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “அங்கன புள்ளையளே இல்லையேக்கா” என்றாள்.

“ஒம் புள்ள வந்தா இருக்கும்லா” என்றாள் அக்கா. பிறகு குனிந்து பையனிடம், “ஒம் பேரு என்னலே?” என்று கேட்டாள்.

அவன் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தாய் பதில் சொல்ல வாயெடுத்தாள். அக்கா கையமர்த்தி, அவனே சொல்லட்டும் என்று அந்த வெயிலில் காத்து நின்றாள்.