பட்டனை அதட்டும் புள்ளியக்கா

“கொஞ்சம் தள்ளு. இன்னும் கொஞ்சம். போதும், அங்கயே நில்லு! பாரு, ரெண்டு புள்ளி தாண்டிட்ட. உனக்கு எப்பவும் அவசரம்தான்.”

காலை ஒன்பதேகாலுக்குப் புள்ளியக்காவிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொள்வது மனிதப் பிறவி அல்ல, போன் திரையில் இருக்கும் ஒரு பச்சை பட்டன். எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று சொல்லும் செயலியை அக்கா பதினொரு வருடமாக எழுதிவருகிறார். திரையில் ஓர் எழுத்து ஒரே ஒரு புள்ளி கீழே இறங்கியிருந்தாலும் நாலு மேசை தள்ளியிருந்தே கண்டுபிடித்துவிடுவார். அலுவலகம் ‘புள்ளியக்கா’ என்று பெயர் வைத்தது அதனால்தான். பட்டனைச் சுண்டுவிரலால்தான் அழுத்துவார். “கட்டைவிரல் மறைச்சிடும், அது என்ன பண்ணுதுன்னு தெரியாது” என்பார். திரையைத் துடைக்க, வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கணவரின் பழைய சட்டைத் துண்டு ஒன்று கைப்பையில் இருக்கும்.

அவருடைய தொழிலில் அதட்டலுக்குக் காரணம் இருந்தது. பஸ் தாமதம் என்றால் பட்டனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘சிவப்பாகு’ என்று எழுதவேண்டும். எச்சரிக்கை மணிப்படத்தைக் கூப்பிட்டு, ‘வெளியே வா’ என்று எழுதவேண்டும். பஸ் வந்ததும் எல்லாரையும் மறுபடி கூப்பிட்டுப் பழைய இடத்துக்கு அனுப்பவேண்டும். ஒருவரை மறந்தால்கூட மானம் போய்விடும். சொந்த மருமகள் வருவதற்கு முன்பே நானூறு வரி நிரலுக்கு மாமியாராகிவிட்டவர் அவர்.

அதே செயலியை இன்னொரு வகை போனுக்கு எழுதுபவர் ஜன்னலோரம் இருக்கிறார். புள்ளியக்காவின் கணக்கில் அவர் எதிர்வீட்டுக்காரி. ஒரே பஸ்ஸை இருவரும் தனித்தனியாகப் பதினொரு வருடம் ஓட்டினார்கள். பிள்ளைகளின் படிப்பு, முட்டிவலி எல்லாம் விசாரித்துக்கொள்வார்கள். ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் எட்டிப் பார்த்ததில்லை. “அவங்க பஸ் நம்ம பஸ்ஸைவிட ரெண்டு செகண்ட் முன்னாடி வருதாமே” என்று புள்ளியக்கா கேட்கும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணும்.

இந்த நிம்மதியில்தான் மேனேஜர் மண்ணைப் போட்டார். இனி இரண்டு போனுக்கும் சேர்த்து ஒரே நிரல், அதுவும் புது முறையில். பஸ் வரும் திரையின் மேல்பாதி எதிர்வீட்டுக்காரிக்கு, கீழ்ப்பாதி புள்ளியக்காவுக்கு. “வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஓட்டிக் காட்டுங்க. யாருக்கு வரலையோ அவங்க புகார்ப் பிரிவுக்கு மாறணும்.”

புகார்ப் பிரிவென்றால் நாள் முழுக்கப் போனை எடுத்து மன்னிப்புக் கேட்கிற வேலை. அதன் பிறகு ஒரு பட்டனைக்கூடத் தொட முடியாது. புள்ளியக்காவுக்கு நிஜமாகவே பயம் வந்தது. வெளியில் மட்டும், “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னுதான சொல்லியிருக்காங்க? எனக்கு நாப்பத்தாறுதான். இன்னும் நாலு வருஷம் இருக்கு” என்று சிரித்தார்.

புது முறையில் யாரையும் ஏவ வேண்டாம். பஸ் தாமதமானால் திரை எப்படி இருக்கும், வந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று எழுதி வைத்தால் போதும். நிலைமை மாறும்போது திரை பழைய பட்டனைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே புதியதை வைத்துக்கொள்ளும். புள்ளியக்கா என்ன செய்தார்? பழக்கதோஷத்தில் முதல் பட்டனைப் பிடித்து ஒரு பெயர் வைத்துக்கொண்டு, ‘சிவப்பாகு, சிவப்பாகு’ என்று இரண்டு நாள் எழுதினார். அந்தப் பட்டனோ எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. திரையில் இருந்த பட்டன் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிப் பச்சையாகவே நின்றது.

புதன்கிழமை கோபத்தில், முழுத் திரையையும் நொடிக்கு அறுபது தடவை புதிதாகக் கட்டச் சொல்லி எழுதிவிட்டார். போன் கொதித்தது. அந்தப் பக்கமாகப் போன எதிர்வீட்டுக்காரி தொட்டுப் பார்த்து, “இதுல துணி தேய்க்கலாம் போலிருக்கே” என்றார்.

“உங்க வேலையைப் பாருங்க” என்று வெடித்துவிட்டு, கழிவறைக்குப் போய் முகம் கழுவினார். பட்டனுக்குப் பதில் கண்தான் சிவந்திருந்தது.

அன்று மாலை கணவர் வேலை முடிந்து வாசலில் கால் வைத்ததுமே புள்ளியக்கா ஆரம்பித்தார். “வாளியை அங்க வைக்காதீங்க. இங்க. சட்டையைக் கழட்டுங்க. முதல்ல கையைக் கழுவுங்க. அந்தத் துண்டு இல்ல, இந்தத் துண்டு.”

மனிதர் வாளியோடு அப்படியே நின்றார். “இந்தா பாரு, வேலை குடுக்கறவங்க ரெண்டு வகை. ஒருத்தர் சுவரு என்ன கலர்ல வேணும்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. நாலு நாள்ல முடிச்சிடுவேன். இன்னொருத்தர் நாற்காலி போட்டு உக்காந்து, பிரஷ்ஷை மேல தூக்கு, கீழ இறக்குன்னுகிட்டே இருப்பாரு. அந்த வீடு பத்து நாளானாலும் முடியாது. வீடு எப்படி இருக்கணும்னு சொல்லு, நான் பாத்துக்கறேன்.”

அவர் சொன்னது சரி என்று புள்ளியக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் அந்த மனிதரைக் கையில் பிடிக்க முடியுமா?

வியாழக்கிழமை காலை, எழுதிய ஏவல் அத்தனையையும் வழித்தெறிந்துவிட்டு, தாமதம் என்றால் இப்படி, வந்துவிட்டால் இப்படி என்று நாற்பதே வரியில் எழுதினார். பஸ் தாமதமானது. பட்டன் தானாகச் சிவந்தது. “சொல்லாமலே மாறுது பாரேன், கழுதை” என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு போன்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் இரண்டிலும் ஒரே நொடியில் மாறின. “ரெண்டு பேரும் இங்கயே இருங்க” என்றார் மேனேஜர். எழுந்து போகும்போது, “பழைய திரையை இப்பவே அழிச்சிடுங்க. ரெண்டும் இருந்தா குழப்பம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நகல் எங்காவது பத்திரமாக இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் புள்ளியக்கா தன் நானூறு வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். பத்து நிமிடம் போயிற்று. ஜன்னலோரத்திலும் அதே கதை.

“ஏய், எனக்குக் கை வரமாட்டேங்குது. என்னோடதை நீ அழிச்சிடு. உன்னோடதை நான் அழிக்கறேன்” என்றார் புள்ளியக்கா.

எதிர்வீட்டுக்காரி எழுந்தார். இருவரும் நாற்காலி மாறினார்கள். புள்ளியக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, விசைப்பலகையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எதிர்வீட்டுக்காரி எழுதியதை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்கத் தொடங்கினார். புள்ளியக்காவின் மேசையிலும் விசை தட்டும் சத்தம் கேட்கவில்லை.