கீழ் வரிசை ஆறு பல்

மேல் வரிசையில் எனக்கு ஒரு பல்கூட இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. அதற்காக யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகிற வண்டிகளில் என் சர்வீஸில் பாதி கழிந்தது. தூக்கம் வராமல் இருக்கப் பாக்கும் புகையிலையும் போட்டேன். ஈறு வீங்கினால் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மறுபடியும் போட்டேன். மேல் பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன, கீழே கடைவாய்ப் பற்களும் போயின. நானே கெடுத்துக்கொண்டது. மேலே ஒரு பல் செட் கட்டிக்கொண்டேன். கீழே முன்பக்கம் ஆறு பல் மட்டும் மிஞ்சியது.

அந்த ஆறும் லேசுப்பட்டவை இல்லை. ஒரு கையில் டிக்கெட், இன்னொரு கையில் சில்லறை என்றால் விசிலை எங்கே வைப்பது? பல்லில்தான் கடித்துக்கொள்வேன். பௌர்ணமிக்கு விடுகிற ஸ்பெஷல் வண்டியில் படியிலும் ஆள் தொங்கும்போது மணிக்கணக்கில் விசில் வாயைவிட்டு இறங்காது. நடுவில் இருந்த இரண்டு பல்லின் நுனியில் விசில் உரசி உரசிச் சின்னப் பள்ளமே விழுந்துவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு அந்தப் பற்களுக்கு நான் வைத்த வேலை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைப்பது. வேகவைத்த மல்லாட்டையை நகத்தால் கீறிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். பல்லில் ஒரு கடி போதும், ஓடு இரண்டாகிவிடும்.

எனக்கு ஒரே மகள். சென்னைப் பக்கம் ஒரு காலேஜில் பல் டாக்டருக்குப் படித்தாள். எங்கள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் டாக்டர் என்று யாரும் இல்லை. பல் டாக்டரின் அப்பன் வாயைப் பாருங்கள் என்று டெப்போவில் கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டல் எனக்குப் பிடித்திருந்தது.

கடைசி வருஷப் பரீட்சைக்கு ஒவ்வொரு மாணவரும் ஒரு நோயாளியைத் தாங்களே கூட்டிவர வேண்டுமாம். அந்த ஆளுக்கு மேலேயும் கீழேயும் ஒரு பல்கூட இருக்கக் கூடாது. அவர் வாய்க்கு முன்கூட்டியே அளவெடுத்து, வெளியூரிலிருந்து வருகிற எக்ஸாமினர் முன்னால் மெழுகில் பல் அடுக்கிப் பொருத்திக் காட்ட வேண்டும். ஆள் வராவிட்டால் அந்தப் பரீட்சை போச்சு. அதனால் பிள்ளைகள் பொக்கைவாயைத் தேடி பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் என்று அலைகிறார்கள். அந்தச் சமயத்தில் ஒரு பொக்கைவாய்ப் பெரியவருக்கு அங்கே மாப்பிள்ளை மரியாதை. ஒரு பையன் பேசி வைத்திருந்த ஆளை இன்னொரு பையன் பிரியாணி வாங்கிக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டான் என்று மகள் சொல்லி, வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

"நம்ம ஊருல மலைய ஒரு சுத்து சுத்தி வந்தா எத்தன பேர் கெடைப்பாங்க பாப்பா" என்றேன்.

தீபத்துக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது இருவரும் கிரிவலப் பாதையில் நடந்தோம். அடி அண்ணாமலை தாண்டி ஒரு சாமியார் கிடைத்தார். மார்புவரை தாடி, வாயில் பேருக்குக்கூடப் பல் இல்லை. விஷயத்தைச் சொன்னதும், "பல்லு வெச்சா முறுக்கு தின்லாமா?" என்று கேட்டார். தின்னலாம் என்றாள் மகள். அவரிடம் போன் இல்லாததால் பக்கத்து டீக்கடைக்காரரின் நம்பரை வாங்கிக்கொண்டாள். வரும் வழியெல்லாம் அவளுக்கு வாய் ஓயவில்லை.

பொங்கல் லீவில் அவள் இருக்கும்போது டீக்கடைக்காரர் போன் செய்தார். சாமி காசிக்குக் கிளம்பிவிட்டாராம், எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாதாம். மகள் சமையலறையில் அவள் அம்மாவிடம் போய் அழுதாள். நான் கூடத்தில் உட்கார்ந்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், பின்வாசலில் என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். "வாயத் தொறப்பா" என்றாள். போன் வெளிச்சத்தை அடித்து, ஆறு பல்லையும் ஒவ்வொன்றாக இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"ஆறும் ஆடுதுப்பா."

"எங்க ஆடுது? நேத்துகூட மல்லாட்டை கடிச்சேனே."

"உனக்குத் தெரியாதுப்பா. வேர்ல ஆடுது. உள்ள எலும்பு கரைஞ்சிட்டே வருது. இப்பவே எடுத்துட்டா ஃபுல் செட்டு நல்லா உக்காரும். வுட்டுட்டா எலும்பும் போயிடும், அப்புறம் செட்டே நிக்காது."

நாக்கால் தள்ளிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆடவில்லை. ஆனால் படித்தது அவள், நான் இல்லை. என் நாக்கைவிட என் மகளை நம்பினேன். எப்படியும் எடுக்கத்தான் போகிறோம், அப்படியே உன் பரீட்சைக்கும் நான் வருகிறேன் என்று சொன்னதும் நான்தான். சொன்னபோது, ஒரே கல்லில் அவள் கவலையையும் தீர்த்துவிட்ட சந்தோஷம் எனக்கு. சாமியார் கிளம்பியதையும் என் பல் ஆடியதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே பிடிக்கிற ஆள் என்று டெப்போவில் எனக்குப் பெயர்.

அவள் காலேஜிலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் பல்லை எடுத்தார்கள். அவளுடைய சீனியர் ஒருவர்தான் எடுத்தார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது பல்லில் அந்தப் பையனுக்கு வியர்த்துவிட்டது. "செம கெட்டியா இருக்கே பெரியவரே" என்றான். "எங்கப்பாவுக்கு ஒடம்பே அப்படித்தான்" என்றாள் மகள். எலும்பு கரைகிறது என்று சொன்னவளும் அவள்தான். இரண்டும் என் காதில் விழுந்தன. மரத்துப்போன வாயோடு நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

புண் ஆற மூன்று மாதம். ரசம் சாதமும் கஞ்சியுமாக ஓட்டினேன். பிறகு அளவெடுக்க நாலைந்து தடவை காலேஜுக்குப் போனேன். வாய் நிறைய மாவு மாதிரி ஒன்றை அப்பி அது இறுகும்வரை அசையாமல் இருக்க வேண்டும். எனக்குக் குமட்டும். "மூக்கால மூச்சு வுடுப்பா, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று முதுகைத் தடவிக்கொடுப்பாள். சின்ன வயதில் அவளுக்கு மருந்து ஊற்றும்போது நான் இப்படித்தான் தடவுவேன். அந்தக் கை பொய்யாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்.

பரீட்சை அன்று ஒரு நீளமான ஹாலில் வரிசையாக நாற்காலிகள். எல்லாவற்றிலும் என்னைப் போல ஒரு பொக்கைவாய். ஓடிவிடுவார்களோ என்ற பயத்தில் பிள்ளைகள் அவரவர் ஆளுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். எக்ஸாமினர் என்னிடம் வரும்போது என் வாயில் மெழுகில் அடுக்கிய பல் இருந்தது. உதட்டை விலக்கிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஃபைலைப் புரட்டி, என் பழைய எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

அவர் இங்கிலீஷில் பேசினார். ரமணாசிரமம் பக்கம் ஏறி இறங்குகிற வெளிநாட்டுக்காரர்களோடு பேசிப் பேசி எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே புரியும். அது அவருக்குத் தெரியாது. என் மகளுக்குத் தெரியும்.

இந்த ஆறு பல்லுக்கும் எலும்பு நன்றாக இருந்திருக்கிறதே, எதற்காக எடுத்தீர்கள் என்று கேட்டார். இன்னும் பத்து வருஷம் நின்றிருக்கும், பரீட்சைக்கு ஆள் வேண்டும் என்று எடுத்தீர்களா என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். செக்கிங் இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறியதும் டிக்கெட் இல்லாதவன் கண்டக்டரைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. அதற்குமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. நான் எழுந்து போனால் அவள் ஐந்து வருஷப் படிப்பு அந்த நாற்காலியிலேயே நின்றுவிடும்.

மெழுகுப் பல்லை நானே விரல்விட்டு எடுத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். வலி பொறுக்க முடியாமல் நான்தான் எடுக்கச் சொன்னேன், வேண்டாம் என்று இவள் எவ்வளவோ சொன்னாள், நான் கேட்கவில்லை. பல் இல்லாத வாயிலிருந்து காற்றும் எச்சிலுமாகத்தான் வார்த்தை வந்தது. எக்ஸாமினர் என் முகத்தைப் பார்த்தார். "ஃபாதரா?" என்று கேட்டார். தலையாட்டினேன். ஃபைலை மூடி அவளிடம் கொடுத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். செஞ்சி தாண்டியதும் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"தேங்க்ஸ்பா" என்றாள்.

அதற்குப் பின்னால் இன்னொரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். கீழ்பென்னாத்தூர் வந்தது. யார் யாரோ இறங்கினார்கள், ஏறினார்கள். மகள் தூங்கிவிட்டிருந்தாள்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. "ஒரு வருஷம் வீணாப் போயிடும்னு அழுதுச்சிங்க. எப்படியும் ஒருநாள் வுழற பல்லுதானே" என்றாள். அப்போதுதான் அந்தச் சமையலறை அழுகையில் என்ன பேசியிருப்பார்கள் என்பது எனக்குப் புரிந்தது. நான் கூடத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், உள்ளே என் வாய்க்கு முடிவு கட்டிவிட்டிருந்தார்கள்.

அப்பா, எனக்கு ஆள் கிடைக்கவில்லை, உன் பல்லைக் கொடு என்று அவள் கேட்டிருக்கலாம். கொடுத்திருப்பேன் என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்திருப்பேன், மூன்றாம் நாள் ஒருவேளை சரி என்றிருப்பேன். அந்த மூன்று நாளை அவள் எனக்குக் கொடுக்கவில்லை. பல் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

மேல் செட் நன்றாகத்தான் நிற்கிறது. கீழ் செட் பிடிப்பில்லாமல் பேசும்போது எழும்புகிறது. மல்லாட்டையை இப்போது நானும் நகத்தால்தான் கீறுகிறேன்.

மகள் பாஸ் ஆனாள். செங்கம் ரோட்டில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்து ஒரு வருஷம் ஆகிறது. வெளியே நாற்காலி போட்டு டோக்கன் கொடுப்பது நான். கண்டக்டர் இங்கேயும் டிக்கெட் கிழிக்கிறார் என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கோபத்தை வைத்துக்கொண்டு எதற்காகப் போகிறேன் என்றால், கோபம் இருக்கிறது, மகளும் இருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் திரைக்கு அந்தப்பக்கம் "ஆடுதுங்க, எடுத்துடலாம்" என்று அவள் சொல்வது கேட்கும்போதெல்லாம் என் நாக்கு தானாகக் கீழ் ஈறுக்குப் போகும். எனக்குச் சொன்ன அதே குரல். உண்மைக்கு ஒன்று, பொய்க்கு ஒன்று என்று அவளிடம் இரண்டு குரல் இல்லை.

போன வாரம் ஒரு பாய் வந்தார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை வியாபாரம் செய்கிறவர், என் வண்டியில் வருஷக்கணக்காக ஏறியவர். உள்ளே போய்விட்டுக் கன்னத்தைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார்.

"நாலு பல்லு எடுக்கணும்னு சொல்லுது பாப்பா. ஆடுதாம். நாளைக்கு வரச் சொல்லிச்சு."

"ஒங்களுக்கு ஆடற மாதிரி இருக்குதா பாய்?"

அவர் நாக்கால் தள்ளிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல கண்டக்டரே. ஒங்க பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒங்கள நம்பித்தானே வந்தேன்."

நான் சரி என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு ஒரு டோக்கனை எடுத்துக் கையில் கொடுத்திருக்கலாம். "வேற ஒரு டாக்டர்கிட்டயும் ஒரு தடவ காட்டிட்டு வாங்க பாய். அப்புறம் எடுத்துக்கலாம்" என்றேன். அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

திரும்பினால் மகள் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். என்னிடம் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள்.

"அவருக்கு நெஜமாவே ஆடுதுப்பா" என்றாள்.

செஞ்சியிலிருந்து நான் காத்திருந்த பேச்சு அன்றைக்குத்தான் வந்தது, அதுவும் வேறு ஒருவருடைய பல்லைப் பற்றி. அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் பாய் இன்னும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நான் கூப்பிடவில்லை.