அக்கா தனியே எழுதிய தீர்ப்புகள்

டென்மார்க்கின் பில்லுண்ட் விமான நிலையத்தில் அக்கா ஒரு சின்னப் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்க வருகிறவரிடம் அவ்வளவுதான் இருந்தது. கட்டிப்பிடித்தோம். இருவரும் அழவில்லை.

"நல்லாக் குளிருதடி" என்றார்.

"இது குளிரில்லை அக்கா. இனித்தான் வரும்."

நாங்கள் இருக்கும் பிராண்டேக்கு வரும் வழியில் காற்றாலைப் பாகம் ஒன்றை ஏற்றிய நீண்ட லொறி முன்னால் போய்க்கொண்டிருந்தது. முந்த முடியவில்லை. அக்கா அதையே பார்த்துக்கொண்டு வந்தார், என்னவென்று கேட்கவில்லை. என் கணவர் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறார் என்று சொன்னேன். "ஓம், நீ சொன்னனீ" என்றார்.

அக்கா ஆஸ்திரேலியாவில் ஒரு மாநிலத்தின் மேல் நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மாநிலம் என்று நான் எழுதப்போவதில்லை. எங்கள் நிறத்தில் அந்த ஆசனங்களில் இருந்தவர்கள் குறைவு, எழுதினால் ஆளைப் பிடித்துவிடுவார்கள். அவர் அதை விரும்பியிருக்க மாட்டார்.

புகைப்படத்தில் மட்டும் பார்த்த ஒரு பொறியியலாளரைக் கலியாணம் செய்துகொண்டு, யாழ்ப்பாணத்தில் பிரச்சினை முற்றுவதற்குச் சற்று முன்பு ஆஸ்திரேலியா போனவர். முதலில் ஒரு வங்கியில் காசாளர் வேலை. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். வகுப்பில் தன்னைவிடப் பத்து வயது இளையவர்கள்தான் இருந்தார்கள் என்றும், தான் கையை உயர்த்தினால் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்றும் ஒருமுறை தொலைபேசியில் சொன்னார். அத்தோடு விட்டுவிட்டார். கோபமா, கவலையா என்று குரலில் தெரியவில்லை.

சட்டத்தரணியானதும் தொழிற்சாலைகளில் கைகால் போனவர்களுக்காக நட்டஈட்டு வழக்குப் பேசினார். பிறகு அரசதரப்புச் சட்டத்தரணியாகக் கொலை வழக்குகள் நடத்தினார். அதற்குப் பிறகு கீழ் நீதிமன்றத்தில் நீதிபதி, கடைசியில் மேல் நீதிமன்றம். ஒவ்வொரு படியையும் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி அழைப்பில் சொன்னார். "ஒரு விஷயம் இருக்கு" என்று தொடங்குவார். நான் கத்திக் குளறிச் சந்தோஷப்படுவேன். அவர் அது முடியும்வரை காத்திருந்துவிட்டு, என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்பார்.

அப்பா செத்ததைச் சொன்னதும் அதே குரல்தான். இடம்பெயர்ந்து போன இடத்தில் செல் குண்டு விழுந்து அப்பா இறந்தார். ஊருக்குத் தொலைபேசி இல்லை. கொழும்பிலிருந்த ஒரு சொந்தக்காரர் அக்காவின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருக்கிறார். அப்போது அக்கா ஒரு ஜூரி வழக்கின் நடுவில் இருந்தார். மதிய இடைவேளையில் செய்தி வந்தது. பின்னேரம் எழுந்து நின்று, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து முடித்துவிட்டுத்தான் எனக்கு அழைத்தார். "அப்பா இல்லை" என்றார். நான் அழுது ஓயும்வரை மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

அத்தானும் சில வருடங்களுக்கு முன்பு போய்விட்டார். நீதிபதிகள் கட்டாயம் போகவேண்டிய வயதில் அக்கா ஓய்வு பெற்றார். "இனி என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டேன். "தெரியேல்லை" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் முன்பு கேட்டதில்லை. "அப்ப இஞ்ச வாங்கோ" என்றேன். வந்தார்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். காலையில் போனால் பின்னேரம்தான் திரும்புவேன். வரும்போது அக்கா நான் விட்டுப்போன கதிரையிலேயே இருப்பார். தொலைக்காட்சி ஓடாது. மேசையில் புத்தகம் இருக்கும், விரிந்திருக்காது. சாப்பாட்டைச் சூடாக்கிச் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்.

"என்ன செய்தனீங்கள் முழுநாளும்?"

"இருந்தனான்."

கவலையாக இருக்கிறாரா என்று என் கணவர் கேட்டார். இல்லை என்று சொன்னேன். கவலை என்றால் எனக்குத் தெரியும், வேலையிடத்தில் தினமும் பார்க்கிறேன். இது வேறு. சாப்பாடு நல்லாயிருக்கா என்று கேட்டால் ஓம் என்பார். உப்பில்லாமல் கொடுத்த நாளும் ஓம் என்றுதான் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா யாரென்ற செய்தி எப்படியோ பரவியிருந்தது. பூசை முடிந்து சாப்பாட்டு மண்டபத்தில் இருந்தபோது பெண்கள் சிலர் வந்து கையைப் பிடித்தார்கள். "எங்கட ஆக்களுக்கு எவ்வளவு பெருமை" என்றார்கள். அக்கா தலையசைத்தார். அப்போது எஸ்பியர்க் நகரிலிருந்து வந்திருந்த ஒருவர், எங்கள் வயதுக்காரர், சாப்பாட்டுக் கோப்பையோடு எதிரே வந்து இருந்தார்.

"நீங்கள்தானே அந்த நீதிபதி? எங்கட பெடியனுக்கு அவ்வளவு வருஷம் குடுத்தனீங்கள்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா அவரை நேரே பார்த்தார்.

"ஓம். நான்தான்."

"அவன் கப்பலிலை உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வந்தவன். என்ர மனிசியின்ர ஊர்க்காரன். ஒரு தமிழ் ஆள் அந்தக் கதிரையிலை இருந்தும் பிரயோசனமில்லையெண்டு தாய் அழுதவ."

"செத்தவனும் தமிழ்ப் பெடியன்தான்" என்றார் அக்கா. "அவனுக்கும் தாய் இருந்தவ."

அந்த மனிதர் சோற்றைக் குழைத்தார், பிறகு எழுந்து வேறு மேசைக்குப் போனார். அக்கா தன் கோப்பையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள், எனக்கு வேலையில்லாத நாள், அக்கா தானாகவே ஒன்று கேட்டார். வந்த நாளிலிருந்து அவர் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

"இஞ்சத்தைய கோர்ட்டைப் பாக்கலாமோ?"

பக்கத்து நகரத்து நீதிமன்றத்துக்குக் காரில் கூட்டிப்போனேன். உள்ளே யாரும் போய் இருக்கலாம். பார்வையாளர் வரிசையில் எங்களைத் தவிர ஒரு குடும்பம் மட்டும் இருந்தது. ஓர் இளைஞன் காரோட்டி, சைக்கிளில் வந்த ஒரு வயோதிபரை இடித்துக் கொன்ற வழக்கு. செத்தவரின் மனைவி முன்வரிசையில், கையுறையைக் கழற்றாமல் இருந்தார்.

மேடையில் நீண்ட மேசை. அதன் பின்னால் மூன்று பேர். நடுவில் ஒரு பெண், சாதாரண உடுப்பு, கறுப்பு அங்கி கிடையாது. ஒரு பக்கத்தில் பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண், மறுபக்கம் தாடி வைத்த ஒரு மனிதர்.

"மற்ற ரெண்டு பேரும் ஆர்?" அக்கா காதுக்குள் கேட்டார்.

"பொதுசனம் அக்கா. கடையிலை வேலை செய்யிறவையா இருக்கலாம், ரீச்சரா இருக்கலாம். ஊரிலை இருந்து தெரிவு செய்யிறது."

"ஜூரி மாதிரியோ? குற்றமோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுவினமோ?"

"இல்லை. தண்டனையும் மூண்டு பேரும் சேந்துதான் தீர்மானிக்கிறது. மூண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஒவ்வொரு வாக்கு."

அக்கா முன்னால் சாய்ந்து இருந்தார். அதற்குப் பிறகு அவர் குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞனைப் பார்க்கவில்லை, சட்டத்தரணிகளைப் பார்க்கவில்லை. பச்சைச் சட்டைப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் எதையோ எழுதுவதும், எழுதியதை வெட்டுவதும், செத்தவரின் மனைவி பக்கம் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார். நான் டேனிஷைத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நீதிபதி என்னைப் பார்த்து, மரியாதையாகத்தான், அமைதியாக இருக்கச் சொன்னார். அக்கா தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பதுபோல் சைகை செய்தார். எதிரே இருக்கிற முதியவள் யாரென்று அந்த நீதிபதிக்குத் தெரிய வழியில்லை.

அவர்கள் கதவை மூடிக்கொண்டு கலந்து பேசும்வரை எல்லோரும் வெளியே நடைவழியில் நின்றோம். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்து நிற்க, நீதிபதி தீர்ப்பை வாசித்தார். குற்றவாளி. சிறை. செத்தவரின் மனைவி அசையவில்லை. பச்சைச் சட்டைப் பெண்ணின் கண்கள் சிவந்திருந்தன.

கார்த் தரிப்பிடத்தில் நான் காரை இயக்கி, கண்ணாடியில் பனி கரையும்வரை காத்திருந்தேன். அக்கா சொன்னார்:

"நான் தனியத்தான் இருந்தனான்."

நான் கார்ச் சூடாக்கியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"ஜூரி குற்றவாளியெண்டு சொல்லிப்போட்டு வீட்டை போயிடும். பேந்து நானும் அந்தக் கடதாசியளும்தான். எத்தனை வருஷம் எண்டு எழுதுறதுக்கு ஒருத்தரும் பக்கத்திலை இல்லை."

அப்போதுதான் கோயிலில் பேச்சு வந்த அந்தப் பையனின் கதையைச் சொன்னார். ஒரே அறையில் தங்கியிருந்த நண்பனோடு சண்டை, கத்தி, கொலை. குற்றத்தை அவன் ஒப்புக்கொண்டுவிட்டான், அதனால் ஜூரியும் இல்லை. தண்டனைக்கான விசாரணையில் சாட்சிக்கூண்டில் நின்றான். விடியும்வரை பிணத்துக்குப் பக்கத்தில் இருந்தாயே, ஏன் அம்புலன்சைக் கூப்பிடவில்லை என்று அரசதரப்புச் சட்டத்தரணி கேட்டார்.

"அவன் என்னைப் பாத்துத் தமிழிலை சொன்னான்: 'எனக்கு எல்லாம் விறைச்சுப் போச்சு அக்கா.' மொழிபெயர்ப்பாளர் வேறை ஊர்த் தமிழ். அவன் குளிராய் இருந்தான் எண்டு இங்கிலிஷிலை சொல்லிப்போட்டார்."

'கோல்ட்' என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நெஞ்சில் ஈரமில்லாதவன் என்றும் பொருள் உண்டு. அரசதரப்பு அதைப் பிடித்துக்கொண்டது.

"எனக்கு அவன் சொன்னது விளங்கினது, உடம்பும் மனமும் மரத்துப்போச்செண்டு. ஆனா விளங்கினமாதிரி நான் காட்ட ஏலாது. மொழிபெயர்ப்பாளர் சொல்லுறதுதான் சாட்சியம். நான் அந்தக் கதிரையிலை இருந்து திருத்தினா, நானே சாட்சியாப் போயிடுவன்."

"பேந்து என்ன செய்தனீங்கள்?"

"திருப்பிக் கேக்கச் சொன்னன். திருப்பியும் அதே சொல். விசாரணையை ஒத்திவைச்சு வேறை மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவிச்சன். அவர் சரியாச் சொன்னார். அதையும் கணக்கிலை எடுத்துத்தான் தண்டனை எழுதினன். தண்டனை காணாதெண்டு பேப்பர்க்காரர் எழுதினவை, என்ர ஆக்களுக்குச் சாய்ஞ்சிட்டன் எண்டு. கூடிப்போச்செண்டு எங்கட ஆக்கள் சொல்லிச்சினம். மேன்முறையீட்டிலை ஒண்டும் மாறேல்லை."

"உங்களுக்கு எப்பிடி இருந்தது?"

அவர் கண்ணாடியில் வழிந்த நீரைப் பார்த்தார். "தீர்ப்பை வாசிச்சுப்போட்டு, சப்பாத்துத் தைக்கக் குடுத்திருந்தனான், போய் எடுத்தனான். நல்லாத் தைச்சிருந்தாங்கள். அதுதான் ஞாபகம் இருக்கு. வேறை ஒண்டும் வரேல்லை, அழுகைகூட. வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இவ்வளவு நாளும் அதுக்குத்தான் உன்ர வீட்டிலை இருந்தது."

கையைப் பிடித்தேன். குளிர்ந்த கை. அவர் இழுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. சற்று நேரத்தில், "பின்கண்ணாடியும் கரைஞ்சிட்டுது, காரை எடு" என்றார்.

மூன்று மாத அனுமதி முடியும் நேரத்தில் திரும்பிப் போனார். போகுமுன் இன்னும் இரண்டு தடவை அந்த நீதிமன்றத்துக்குப் போய் வந்தோம். நான் மொழிபெயர்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் மட்டும் வீட்டுக்கு வந்து சமையலில் கைகொடுத்தார். ஒருநாள் குழம்புக்கு உப்புக் காணாது என்றும் சொன்னார். நான் அதைக் கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

அடுத்த வருட இளவேனிலில், சூப்பர் மார்க்கெட் வாசலில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் மகள் அழைத்தாள். அம்மா காலையில் எழும்பவில்லை, இதயம் நின்றுவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் உள்ளே போய்ப் பால், பாண், வெங்காயம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அடுக்கிவைத்த பிறகுதான் கணவரிடம் சொன்னேன். முதுகு அறுவைச் சிகிச்சை முடிந்திருந்ததால் அரைநாள் இலகுவான வேலைக்குத்தான் போனேன், நீண்ட பயணம் கூடாது. செத்தவீட்டுக்குப் போகவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு அக்கா இருந்த நீதிமன்றம் அவரை நினைவுகூர்ந்து ஒரு சிறப்பு அமர்வு நடத்தியது. மகள் இணைப்பை அனுப்பினாள். அங்கே பின்னேரம், இங்கே காலை. குசினி மேசையில் கணினியை வைத்துக்கொண்டு நானும் கணவரும் இருந்தோம். அங்கி போட்ட நீதியரசர்கள் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். குரலை உயர்த்தாதவர் என்றார்கள். புதிய சட்டத்தரணிகளுக்குப் பதறாமல் பேச நேரம் கொடுத்தவர் என்றார்கள். தண்டனைத் தீர்ப்புகள் எப்போதும் சுருக்கமாகவே இருக்கும், ஒரு சொல் கூடுதலாக இராது என்று ஒருவர் சொன்னார். மதியச் சாப்பாட்டை யன்னலோரம் நின்றபடியே சாப்பிடுவார் என்று இன்னொருவர் சொன்னபோது மண்டபம் மெல்லச் சிரித்தது. எனக்கு அது தெரியாது. எங்கள் வீட்டில் அவர் கதிரையில் இருந்துதான் சாப்பிட்டார்.

"அழேல்லையோ?" என்று கணவர் கேட்டார்.

"இல்லை."

"அழுதாப் பரவாயில்லை."

"தெரியும்."

அமர்வு முடிந்தது. நீதியரசர்கள் எழுந்து, தலைகுனிந்து, கதவு வழியாகப் போனார்கள். ஆட்கள் கலைந்தார்கள். கமராவை நிறுத்த மறந்துவிட்டார்கள் போல. நீதிமன்ற உத்தியோகத்தர் ஒருவர் வந்து, மேடையில் இருந்த தண்ணீர்க் குவளைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். ஒரு துணியால் மேசையைத் துடைத்தார். கதிரைகளை உள்ளே தள்ளினார். அவர் போன பிறகும் காலி மண்டபம் திரையில் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இணைப்புத் தானாக அறுந்தது. கணவர் தேத்தண்ணி வைக்க எழுந்தார். எனக்கு மதிய வேலை இருந்தது. உடுப்பு மாற்றப் போனேன்.