கடைசி வீட்டு அக்காவுக்குப் பின்னால் நின்றவள்

என் தம்பி எயிட்ஸ் வந்து செத்தான் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். இரத்தம் பரிசோதிக்கப் போகாததால் செத்தான் என்று நான் சொல்வேன். வேளைக்குப் போயிருந்தால் மருந்து கிடைத்திருக்கும். அவனைப் போகவிடாமல் செய்தது யார் என்று அறிய எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

சமாதான காலம். தம்பி ஏழு வருடம் அரபு நாட்டில் வாகனம் ஓட்டிவிட்டு வந்து, ஊர்காவற்றுறையில் என் வீட்டோடு தங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு அக்கா இருந்தார். புருஷனை இந்த நோயில் பறிகொடுத்தவர். அவருக்கும் அது இருக்கிறது என்று எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. அன்றோடு அவர் விற்கிற கருவாட்டுக்கு மொய்க்கிற இலையான் மட்டும்தான் வந்தது. நான் ஒன்றும் உத்தமி இல்லை. எனக்கு இப்போது கருவாடு பிடிக்கிறதில்லை என்று சொல்லித் திரிந்தேன். கடற்கரையில் பிறந்தவள் சொல்கிற கதையா அது!

தம்பிக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. பஸ் ஏறிப்போய் ரவுணில் ஒரு டொக்டரிடம் காட்டினானாம். அவர் பார்த்துவிட்டு, விருப்பமென்றால் திங்கட்கிழமை இரத்தம் பரிசோதிக்க வரச் சொன்னாராம். பெரிய வியாழன் அன்று என்னிடம் சொல்லி, கூட வருவீர்களா என்று கேட்டான். மலேரியாவுக்கு என்று நினைத்து, ஓம் என்றேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. பீடத்துக்கு முன்னால், சிலுவையில் பாடுபட்ட ஆண்டவரின் சுருவத்தைக் கிடத்தியிருந்தார்கள். வரிசையாகப் போய் முழந்தாளிட்டு, பாதத்தில் வாய் வைத்து முத்தி செய்யவேண்டும். பக்கத்தில் ஒருவர் துணியோடு நின்று ஒவ்வொரு முத்திக்கும் துடைத்துவிடுவார். ஒரு வருடமாகக் கோயில் பக்கம் வராத கடைசி வீட்டு அக்கா எங்கிருந்தோ வந்து, சரியாக எனக்கு முன்னால் புகுந்து நின்றார். இவ்வளவு பெரிய வரிசையில் இந்த மனுசிக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி எனக்குப் பின்னால் நின்றான்.

அவர் முத்தி செய்தார். துடைக்கிறவர் இரண்டு தரம் அழுத்தித் துடைத்தார். என் முறை வந்தது. முழந்தாளிட்டேன். வாய் போகவில்லை. ஒரு சாண் உயரத்தில் காற்றுக்கு முத்தம் கொடுத்துவிட்டு எழும்பினேன். அதோடு விட்டேனா? தம்பி குனியப் போக, அவனுடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாய் வைக்காதை. தலையை மட்டும் குனி."

அவன் என்னைப் பார்த்தான். தலையையும் குனியவில்லை. வரிசையை விட்டு வெளியே போய்விட்டான். சாப்பிடாமல் இருந்த களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

திங்கள் காலையில் வெளிக்கிட்டு வந்து பார்த்தால், முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். இனித் தேவையில்லை, சுகமாக இருக்கிறது என்றான். மண்டைதீவு ஆமிச் சாவடியில் பஸ்ஸால் இறங்கி வெயிலில் நடக்கிற கரைச்சல் இல்லை என்று எனக்கும் நிம்மதி. வெட்கம் கெட்ட நிம்மதி.

மாரிக்குள் முடிந்துவிட்டான். நோயின் பெயரைக் கடைசிக் கிழமைதான் டொக்டர் எனக்குச் சொன்னார். செத்த வீட்டுக்கு வந்த சனம் வேலிக்கு வெளியே நின்று துக்கம் விசாரித்தது. உள்ளே வந்தது கடைசி வீட்டு அக்கா ஒருவர்தான். குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். அது அப்படியே ஆறிக் கிடந்தது.

அடுத்த பெரிய வெள்ளிக்கு நானே போய் அவரைக் கூட்டிவந்து, வரிசையில் எனக்கு முன்னால் விட்டேன். அவர் எழும்ப, துணி வருவதற்கு முதல் அதே இடத்தில் வாயை வைத்தேன். பாசத்தில் இல்லை, ரோசத்தில். வேலிக்கு வெளியே நின்ற முகங்கள் எல்லாம் பார்க்கட்டும் என்றுதான் செய்தேன். பின்னால் சிலர் விலகினார்கள். சிலர் நின்று முத்தி செய்தார்கள்.

ஈஸ்டர் முடிந்த கிழமை அவரிடம் கருவாடு வாங்கப் போனேன். இரண்டு பேர் தன்னிடம் வந்து, இரத்தம் எங்கே பரிசோதிக்கிறது என்று கேட்டுப் போனதாகச் சொன்னார். நான் முத்தி செய்ததைப் பார்த்த பிறகுதான் தைரியம் வந்ததாம். எனக்குப் பெருமையாக இருந்தது. என் தம்பிக்கு மட்டும் அந்தத் தைரியம் வராமல் போச்சே என்றேன்.

அவர் கருவாட்டைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவரும் வந்தவர் தங்கச்சி. போன வருசம், பெரிய வியாழன் பின்னேரம். 'நாளைக்கு என்ர அக்காவுக்கு முன்னால போய் நில்லுங்கோ. உங்களுக்குப் பிறகு அவ முத்தி செய்தா, திங்கட்கிழமை நான் போவன்' எண்டு சொன்னவர். அதுக்காகத்தான் அண்டைக்கு நான் கோயிலுக்கு வந்தனான்."

இது தெரிந்துகொண்டுதான் செத்த வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒரு சொல் சொல்லாமல் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்திருக்கிறார். அதை நானும் குடிக்கவில்லை.