மூணு பேர் சீட்டுக்கு ஒரு லேப்டாப்

ஈரத்தலையில் வைத்த மல்லிப்பூ, டீசல் நாற்றம், யாரோ ஒருத்தியின் டப்பாவிலிருந்து புளிசாதம்... எங்கள் கம்பெனி பஸ் என்றால் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வருகிறது.

குன்றத்தூரில் ஏறினால் ஒரகடத்தில் கம்பெனி வரும் வரை தூக்கம். மூணு பேர் சீட்டு. ஜன்னலோரம் நான், நடுவில் இசக்கி. திருநெல்வேலிக்காரி. என் வீட்டுக்கு அடுத்த தெருவில் நாலு பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். கம்பெனி அசெம்பிளி லைனிலும் எனக்குப் பக்கத்து இடம்தான்.

அவள் ட்ரெய்னி. கான்ட்ராக்ட் முடிந்தால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த நேரத்தில் டிசைன் செக்‌ஷனுக்கு ஆள் எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. கம்ப்யூட்டரில் டிராயிங் போடத் தெரிந்தால் லைனில் இருப்பவர்களும் டெஸ்ட் எழுதலாம் என்றார் சூப்பர்வைசர். இசக்கி டிப்ளமோ படித்தவள். உடனே ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்துவிட்டாள். லேப்டாப்தான் இல்லை.

வார லீவில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடைக்குப் போனோம். கடையில் இருந்த அக்கா, ராம், பிராசசர், கிராபிக்ஸ் கார்டு என்று அடுக்கினார். டிராயிங் சாப்ட்வேருக்கு இதுதான் சரி என்று பெரிதாக ஒன்றை எடுத்து வைத்தார். நல்ல கனம். எனக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. வாங்குவதே வாங்குகிறோம், பெரிதாக வாங்குவோமே என்கிற புத்தி...

இசக்கி கடையில் கிடந்த மூன்று ஸ்டூலை ஒட்டிப் போட்டாள். ஒரு பக்கம் என்னை உட்காரச் சொன்னாள், இன்னொரு பக்கம் அந்த அக்காவை. முன் சீட்டுக்குப் பதிலாக எதிரே ஒரு அட்டைப்பெட்டி. நடுவில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் விரித்தாள். மூடி பெட்டியில் முட்டியது, அவள் முழங்கை என் விலாவில் இடித்தது.

"இன்னாடி பண்ற? எல்லாரும் பாக்குறாங்க. பெருசையே வாங்கி ரூம்ல வச்சு படியேன்" என்றேன்.

"ரூம்ல நா எங்கட்டி இருக்கேன்? சமைக்கேன், தூங்குதேன், போறேன். பஸ்லதான் எனக்குன்னு நேரம் இருக்கு."

சிரித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து போய்ச் சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்தார். இதில் 3டி டிராயிங் ரொம்ப இழுக்கும், மெதுவாகத்தான் ஓடும் என்று முன்னாடியே சொல்லிவிட்டார். பொறுத்துக்கொள்கிறேன் என்றாள் இசக்கி. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அதோடு என் தூக்கம் போச்சு. ஒவ்வொரு வேகத்தடையிலும் கோடு எங்கேயோ ஓடும். பல்லைக் கடித்துக்கொண்டு அழித்துப் போடுவாள். கம்பெனி கேட்டுக்குள் சொந்த லேப்டாப்பை விடமாட்டார்கள் என்பதால் டிரைவர் அண்ணன் வாங்கித் தன் பெட்டியில் பூட்டி வைப்பார். பாட்டுச் சத்தத்தைக்கூட அவளுக்காகக் குறைத்தார். நான் திட்டிக்கொண்டே கையை ஒடுக்கி உட்கார்ந்தேன்.

டெஸ்டில் பாஸ். பஸ்ஸில் வரும்போதுதான் மெசேஜ் வந்தது. அவள் அழுதாள், அவளைப் பார்த்து நானும்...

அடுத்த திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் இல்லை. டிசைன் செக்‌ஷனுக்கு ஜெனரல் ஷிப்ட், அவர்களுக்கு வேறு பஸ். பாஸ் ஆனால் பஸ்ஸும் மாறும் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது அவள் புனேயில் டிசைன் வேலையில் இருக்கிறாள். நான் லைன் லீடர், அதே ரூட். இப்போதெல்லாம் போனிலேயே நாலைந்து லேப்டாப்பை ஒப்பிட்டுப் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள், கடைக்குத் துணைக்கு வர ஆள் தேவையில்லை. பஸ்ஸில் ஏசி வந்துவிட்டது. எல்லோர் காதிலும் இயர்பட். என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு எந்த ஊர் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்குச் சரியான லேப்டாப்தான் எடுத்தோம்... அவளை அந்த பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுகிற லேப்டாப். அவள் இறங்கியதில் எனக்கு சந்தோஷம்தான். பக்கத்து சீட்டைப் பார்த்தால் மட்டும் இன்னும் அவள் மேல் கோபம் வருகிறது.