தனகோடிக்கு மிஞ்சிய சொல்

பக்கவாதத்துக்குப் பிறகு தனகோடிக்கு மிஞ்சியது ஒரே சொல். ‘சரி.’ அதுவாவது மிஞ்சியதே என்று அவர் மனைவி விஜயகுமாரி ஆறுதல்பட்டுக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசுகிற மனுஷன், இப்போது எதைக் கேட்டாலும் ‘சரி’ என்றார். நோய் அவரைச் சாதுவாக்கிவிட்டது என்று நினைத்தாள்.

சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பர்மனென்ட் ஆகாது என்று தெரிந்ததும் மந்தாரக்குப்பம் பஜாரில் அவர் தொடங்கியது இந்த எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை. பழுதைக் கண்டுபிடிப்பது அவர், ஈயம் வைத்துப் பற்றவைப்பது அவள். இப்போது இரண்டும் அவள் தலையில். வலது பக்கம் விழுந்துபோனவரை தினமும் ஆட்டோவில் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாள்.

அன்று, கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிற அறிவுச்செல்வன் கீபோர்டோடு வந்தான்.

“அக்கா, அடாப்டர் கொதிக்குது. கீபோர்டு திடீர்னு அணைஞ்சி போவுது. சாயங்காலம் வடலூர்ல கச்சேரி.”

பிரித்து மீட்டர் வைத்தாள். பன்னிரண்டு வோல்ட் வர வேண்டிய இடத்தில் பதினாறு. உள்ளே ஒரு கெப்பாசிட்டர் உப்பி நின்றது. அதைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டாள். மீட்டர் பன்னிரண்டு காட்டியது.

“பாருங்க, வந்துடுச்சி.”

தனகோடி போர்டை உற்றுப் பார்த்தார். “சரி. சரி, சரி.” இடது கையால் மேசையைத் தட்டினார், வயரைப் பிடித்து இழுத்தார். சந்தோஷம் தாங்கவில்லை போல என்று அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, கீபோர்டில் செருகினாள்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் பாடியது. அடாப்டர் சூடேறியதும் படக்கென்று ஒரு சத்தம். கீபோர்டுக்குள்ளிருந்து புகை. மீட்டரில் பத்தொன்பது.

“சரி!” என்று அலறினார் தனகோடி. கண்ணில் நீர்.

அறிவுச்செல்வன் திட்டவில்லை. “வேற ஒண்ணு கெடைக்குதான்னு பாக்குறேன்க்கா,” என்று எழுந்து போனான்.

விஜயகுமாரி போர்டைத் திருப்பினாள். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் சின்ன ஐசியின் ஒரு காலைச் சுற்றியுள்ள ஈயத்தில் முடியளவு விரிசல். சூடானால் அது விட்டுப்போகும், வோல்டேஜ் ஏறும். கெப்பாசிட்டர் உப்பியதும் அதனால்தான். அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

“வேணாம்னா சொன்னீங்க?”

“சரி.”

மீட்டரின் இரண்டு முனைகளையும் அவர் முன்னால் வைத்தாள். “கறுப்புன்னா ஆமா. செவப்புன்னா இல்ல. தொட்டுக் காட்டுங்க. இது மெட்ராஸா?”

சிவப்பைத் தொட்டார்.

“நான் ஒங்க பொண்டாட்டியா?”

கறுப்பு.

“ஒங்க வண்டிய வித்தனே, அதுல ஒங்களுக்கு இஷ்டந்தானா?”

சிவப்பு.

மேலே கேட்கப் பயந்தாள். மாசியில் குள்ளஞ்சாவடியில் அவர் அம்மா இறந்தபோது, “இந்த ஒடம்போட அலைய வேணாம், நா மட்டும் போயிட்டு வந்துடட்டுமா?” என்று கேட்டிருந்தாள். ‘சரி, சரி’ என்று அவள் புடவையைப் பிடித்துக்கொண்டார். தைரியம் சொல்கிறார் என்று நினைத்து, விரல்களைப் பிரித்துவிட்டுப் போனாள். ஒரே மகன். கொள்ளி வைத்தது பங்காளி.

“அத்தை செத்தப்ப... வரணும்னுதான் சொன்னீங்களா?”

தனகோடி கறுப்பு முனையை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார். அவள் அவர் மடியில் தலையைச் சாய்த்து அழுதாள்.

மறுநாள் கடை திறக்கவில்லை. குள்ளஞ்சாவடிச் சுடுகாட்டில் எந்த இடம் என்று காட்ட ஒன்றுமில்லை. மழைக்குப் புல் முளைத்திருந்தது. பங்காளி கைகாட்டிய பக்கமாக அவரைத் தாங்கி நிறுத்தினாள். அவர் குனியப் பார்த்தார், முடியவில்லை. அவளே ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் இடது கையில் வைத்தாள். வெயில் ஏறும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.