தானாக நின்ற பம்புசெட்

அந்தப் பெட்ரோல் பம்புசெட்டை உப்பளத்து அக்கா இரண்டாம் முறையும் என் மெக்கானிக் கடையில் கொண்டுவந்து இறக்கியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. முதல் தடவை பிளக் மாற்றி, கார்புரேட்டர் கழுவி, கடை வாசலில் சற்று ஓட்டிக் காட்டித்தான் அனுப்பியிருந்தேன். உப்பளத்தில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாக நின்றுவிடுகிறதாம். ஆறவிட்டு இழுத்தால் மறுபடி ஓடுமாம், மறுபடி நிற்குமாம். வேலையாட்கள் அதன் பக்கமே போக மாட்டேன் என்கிறார்களாம்.

ஏன் என்று எனக்குத் தெரியும். போன வெயில் காலத்தில் அக்காவின் கணவர் அந்த பம்புசெட்டுக்குப் பக்கத்தில்தான் மாரடைப்பில் விழுந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் வேலையாக இருக்கிறார் என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். பெட்ரோல் தீர்ந்து சத்தம் நின்ற பிறகுதான் போய்ப் பார்த்தார்கள்.

இந்த முறை பம்புசெட்டோடு நானே உப்பளத்துக்குப் போனேன். கயிற்றை இழுத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பாத்திக்குள் தண்ணீர் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் திணறி, நின்றுபோனது. உப்பு வாரிக்கொண்டிருந்த அத்தனை பேரும் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது.

அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "படி ஏறுனா அவருக்கு இப்டித்தான் தம்பி மூச்சு வாங்கும்" என்றார்.

மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அதில் உப்பு பூத்து அடைத்திருந்தது. காற்று போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது, இன்ஜின் நின்றுவிடும். அதை அவருக்கு விளக்கிச் சொன்னேன்.

"அப்ப அது அவரு இல்லியா?"

"இல்லக்கா. உப்புதான்."

கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்து ஓட்டினேன். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றார். இன்ஜின் ஒரே சீராக ஓடியது. பாத்தி நிரம்பியது. வரப்பைத் தாண்டிய தண்ணீர், விளைந்து கிடந்த அடுத்த பாத்தி உப்பைக் கரைக்கத் தொடங்கியது. அணைக்க யாரும் வரவில்லை. எனக்கும் கை போகவில்லை. அது தானாக நிற்கட்டும் என்றுதான் அவர் காத்திருந்தார்.

கடைசியில் அவரே குனிந்து அணைத்தார்.

"நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, கரைந்துகொண்டிருந்த உப்பின் நடுவே இறங்கி நடந்தார். சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று நான் வரப்பிலேயே நின்றேன். அவர் திரும்பவில்லை.